இலையுதிர் காலத்தில் வீட்டில் ஆறுதலாக வாழ்வது எப்படி? ஸ்காபரோவிலிருந்து வந்த கேள்விக்கு ஒரு பதில்

நீங்கள் கேட்டிருப்பது சுருக்கமாக இதுதான். யாழ்ப்பாணத்திலிருந்து கனடா வந்து இரண்டு வருடம். ரொறன்ரோவின் ஸ்காபரோ பகுதியில், நிலமட்டத்துக்குக் கீழே ஒரு பேஸ்மென்ட் வீடு. கணவருக்கு இரவு பதினொரு மணி முதல் காலை ஏழு மணி வரை தொழிற்சாலை வேலை, உங்களுக்குப் பகுதிநேர வேலை, ஆறு வயதில் மகள், கூடவே மாமியார். நவராத்திரி முடிகிற நேரத்தில் மெழுகுவர்த்தி, கம்பளிப் போர்வை, அவன் அடுப்பில் வேகும் அப்பிள் கேக் என்று வீடியோக்கள் வரத் தொடங்குகின்றன. "இப்படி மெதுவாக வாழ எங்களைப் போன்றவர்களால் முடியுமா? அதற்கு என்னென்ன வாங்க வேண்டும்?" என்று கேட்கிறீர்கள். கடைசியில் ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள்: "நவம்பர் வந்தால் ஒரு வேலையும் செய்ய ஏலாமல் கிடக்கிறது, வீட்டில் சோம்பல் என்கிறார்கள்." எனக்கு அந்தக் கடைசி வரிதான் உண்மையான கேள்வியாகப் படுகிறது. உடம்பு தானாகவே மந்தமாகிறபோது அதற்கு இடம் கொடுக்கலாமா, எதிர்த்து ஓட வேண்டுமா என்பதைத்தான் நீங்கள் கேட்கிறீர்கள். அதை முதலில் எடுத்துக்கொள்கிறேன், வாங்குகிற விஷயத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

நான் ஒக்குபேஷனல் தெரபிஸ்ட். நோய், விபத்து, முதுமை, மனச்சோர்வு ஆகியவற்றால் குளிப்பது, சமைப்பது, படியேறுவது போன்ற அன்றாட வேலைகளைச் செய்யச் சிரமப்படுகிறவர்களின் வீடுகளுக்குப் போய், வீட்டையும் நாளையும் அவர்களுக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுப்பது என் வேலை. ரொறன்ரோவில் இருபது வருடங்களுக்கு மேலாக இதைச் செய்கிறேன். நான் மருத்துவர் இல்லை, உங்களை நேரில் பார்த்ததும் இல்லை. ஆகவே உங்களுக்கு என்ன நோய், என்ன மருந்து என்று நான் சொல்லப்போவதில்லை. ஒரு நாளை எப்படி அடுக்குவது என்பதைப் பற்றித்தான் என்னால் உறுதியாகப் பேச முடியும்.

உறுதியாகத் தெரிந்ததிலிருந்து தொடங்குவோம். யாழ்ப்பாணத்தில் வருடத்தின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் உள்ள வித்தியாசம் ஒரு மணி நேரத்தைவிடச் சற்றுத்தான் கூடும். ரொறன்ரோவில் அது ஆறரை மணி நேரம்: ஜூன் மாதக் கடைசியில் பதினைந்தரை மணி நேரப் பகல், டிசம்பர் 21 அளவில் ஒன்பது மணி நேரத்துக்கும் சற்றுக் குறைவு. இந்த இறக்கம் மிக வேகமாக நடப்பது செப்டெம்பர் கடைசியில். அப்போது ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய மூன்று நிமிடப் பகல் குறைகிறது. செப்டெம்பர் தொடக்கத்திலிருந்து நவம்பர் முடிவதற்குள் கிட்டத்தட்ட நான்கு மணி நேரப் பகல் போய்விடுகிறது. இதன் நடுவில் நவம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமை கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் திருப்புகிறார்கள். முதல் நாள் ஆறு மணிக்கு மறைந்த சூரியன் அடுத்த நாள் ஐந்து மணிக்கே மறைகிறது. வருடம் முழுவதும் ஆறு மணியை ஒட்டி விடிந்து ஆறு மணியை ஒட்டி இருட்டுகிற ஊரில் வளர்ந்த ஒருவர் இதில் தடுமாறுவது இயல்பு. நீங்கள் சோம்பேறி இல்லை. இதை உங்கள் வீட்டாரிடமும் சொல்லுங்கள்.

உடம்புக்குள் நடப்பதும் ஓரளவு தெளிவாகத் தெரிந்த விஷயம்தான். கண்ணின் விழித்திரையில், பார்ப்பதற்காக அல்லாமல் வெளிச்சத்தின் அளவை மூளைக்கு அறிவிப்பதற்காகவே சில உயிரணுக்கள் இருக்கின்றன. மூளையில் இருக்கும் கடிகாரம் அதை வைத்துத்தான் எப்போது விழிப்பது, எப்போது மெலடோனின் என்ற உறக்க ஹோர்மோன் சுரந்து உறக்கத்துக்குத் தயாராவது என்று முடிவு செய்கிறது. காலையில் படும் வெளிச்சம் அந்தக் கடிகாரத்தை முன்னால் தள்ளும், இரவில் படும் வெளிச்சம் பின்னால் தள்ளும். பேஸ்மென்ட் வீட்டில் பகலில் எல்லா விளக்கையும் போட்டால்கூட நூறிலிருந்து முந்நூறு லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) வெளிச்சம்தான் கண்ணுக்குக் கிடைக்கும். மேகம் மூடிய நாளிலும் வெளியில் அது பல ஆயிரம் லக்ஸ். நம் கண் இருட்டுக்குச் சட்டென்று பழகிக்கொள்வதால் இந்த வித்தியாசம் நமக்கு உறைப்பதில்லை, மூளைக் கடிகாரத்துக்கு நன்றாகத் தெரிகிறது. காலையில் வெளிச்சம் இல்லை, இரவு பதினொரு மணி வரை கைப்பேசியும் வெள்ளைக் குழல்விளக்கும் எரிகின்றன என்றால், அந்த உடம்புக்கு நாள் எப்போது தொடங்கியது என்றும் தெரியாது, எப்போது முடிந்தது என்றும் தெரியாது. அதனால்தான் பகல் முழுக்கத் தூக்கம் சொக்குகிறது, படுத்தால் தூக்கம் வரமாட்டேன் என்கிறது.

ஆகவே நான் சொல்வது இது: காலையைச் சுறுசுறுப்பாக வெளியில் வையுங்கள், மாலையை ஆறுதலாக உள்ளே வையுங்கள். அந்த வீடியோக்களில் நாள் முழுவதும் மங்கல் வெளிச்சம், நாள் முழுவதும் போர்வை. பெரிய யன்னல்கள் உள்ள வீட்டுக்கு அது பொருந்தலாம். பேஸ்மென்டில் அதையே செய்தால் நீங்கள் இன்னும் சோர்ந்துதான் போவீர்கள். மகளைப் பள்ளிக்கு நடத்திக் கொண்டுபோய் விடுங்கள். விட்டுவிட்டு நேரே திரும்பாமல் இன்னும் ஒரு பத்துப் பதினைந்து நிமிடம் சுற்றி வாருங்கள். மழைத் தூறலானாலும் பரவாயில்லை, மேகமானாலும் பரவாயில்லை. மொத்தம் அரை மணி நேரம் வெளியில் இருந்தால் போதும். ஒக்டோபர் நடுவில் ரொறன்ரோ மேப்பிள் மரங்கள் பச்சையம் சிதைந்து, அதுவரை மறைந்திருந்த மஞ்சளும் புதிதாக உண்டாகும் சிவப்புமாக மாறுகிற அந்த இரண்டு மூன்று வாரம், நடக்க வேண்டும் என்று யாரும் உங்களை வற்புறுத்தத் தேவையிருக்காது. மரங்கள் மொட்டையாக நிற்கிற நவம்பர்தான் கடினம். அதற்குள் பழக்கமாகிவிட்டால் கால் தானாகப் போகும்.

இந்த இடத்தில் நான் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மெதுவாக வாழ்வதைப் பற்றிய பேச்சில் இது பெரும்பாலும் விடுபட்டுப் போகிறது. மெதுவாக இருப்பதும் ஒடுங்கிப் போவதும் வெளியிலிருந்து பார்க்க ஒரே மாதிரி இருக்கும். இரண்டிலும் வீட்டுக்குள் இருப்போம், அழைப்புகளைக் குறைப்போம், படுக்கையில் நேரம் போகும். குளிர்கால மனச்சோர்வை நோயாக முதலில் விவரித்துப் பெயரிட்டவர்கள் அமெரிக்காவின் தேசிய மனநல நிறுவனத்தில் இருந்த நோர்மன் ரோசன்தாலும் அவருடைய குழுவினரும். அது 1984இல். அதற்குப் பின் வெர்மோண்ட் பல்கலைக்கழகத்தில் கெல்லி ரோஹன் நடத்திய ஆய்வில், பிரகாசமான விளக்கின் முன் இருக்கிற வெளிச்சச் சிகிச்சையையும், எண்ணங்களையும் அன்றாடச் செயல்களையும் மாற்றுகிற பேச்சுச் சிகிச்சையையும் ஒப்பிட்டார்கள். அந்தக் குளிர்காலத்தில் இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு உதவின. இரண்டு குளிர்காலம் கழித்துப் பார்த்தபோது பேச்சுச் சிகிச்சை பெற்றவர்களுக்கு நோய் திரும்பியது குறைவு. அந்தச் சிகிச்சையின் முக்கியமான ஒரு பகுதி, பனிக்காலக் கரடி மாதிரிச் சுருண்டுகொள்ளாமல், பிடித்த காரியங்களைத் திட்டமிட்டுச் செய்வது. ஆகவே உங்களுக்கு நீங்களே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இது: இன்று நான் வேண்டாம் என்று விட்டது எதை? அவசரத்தையும் தேவையில்லாத வேலையையும் விட்டிருந்தால் நல்லது. நண்பியோடு பேசுவதையும் கோயிலுக்குப் போவதையும் பாட்டுக் கேட்பதையும் விட்டிருந்தால் அது கவனிக்க வேண்டிய விஷயம்.

மெதுவான வாழ்க்கை என்ற பேச்சு அலங்காரப் பொருட்களிலிருந்து தொடங்கவில்லை. 1986இல் ரோம் நகரின் ஸ்பானிஷ் படிக்கட்டுகளுக்குப் பக்கத்தில் மக்டொனால்ட்ஸ் கடை திறந்ததை எதிர்த்து இத்தாலியர்கள் திரண்டார்கள். கார்லோ பெத்ரினி முன்னின்று நடத்திய அந்த எதிர்ப்பிலிருந்து வளர்ந்ததுதான் 'ஸ்லோ ஃபூட்' (மெதுவான உணவு) இயக்கம். 1989இல் பாரிஸில் அதன் அறிக்கையில் கையெழுத்திட்டார்கள். ஊர் விளைச்சலை எடுத்து, நேரம் எடுத்துச் சமைத்து, சேர்ந்திருந்து சாப்பிடுவது என்பதுதான் அதன் மையம். பிறகுதான் அது வீடு, வேலை, பயணம் என்று எல்லாவற்றுக்கும் பரவியது. இதைச் சொல்வதற்குக் காரணம், அந்த மையம் உங்கள் வீட்டில் ஏற்கெனவே இருக்கிறது. புட்டு அவிப்பதற்கும் சொதி வைப்பதற்கும் நீங்கள் நேரம் கொடுக்கிறீர்கள். உங்களிடம் இல்லாதது அதைச் சேர்ந்திருந்து சாப்பிடுகிற நேரமும், சமைத்து முடித்த பிறகு மிஞ்சுகிற தெம்பும்தான்.

தெம்பை மிச்சம் பிடிப்பது என் தொழிலின் அடிப்படைப் பாடம். இதய நோயாளிகளுக்கும் மூச்சுத் திணறல் உள்ளவர்களுக்கும் நாங்கள் சொல்லிக் கொடுப்பது நான்கு விஷயம். எது முக்கியம் என்று தீர்மானிப்பது, எப்போது செய்வது என்று முன்கூட்டியே வைத்துக்கொள்வது, களைப்பதற்கு முன்பே ஓய்வெடுத்து நிதானமாகச் செய்வது, உடம்பை வருத்தாத நிலையில் இருந்து செய்வது. நோய் இல்லாதவர்களுக்கும் இது அப்படியே பொருந்தும். இதில் முதலாவதுதான் எங்கள் பெண்களுக்கு மிகக் கடினம். இந்தக் காலத்தில் நவராத்திரி, தீபாவளி, கந்தசஷ்டி, கார்த்திகை விளக்கீடு என்று ஒன்றன் பின் ஒன்றாக வருகின்றன. ஊரில் பெரியம்மா, சித்தி, மச்சாள் என்று பத்துக் கைகள் செய்த வேலையை இங்கே இரண்டு கைகள் செய்கின்றன. அதே பலகார வகைகளை அதே அளவில் செய்ய நினைத்தால் ஆறுதலுக்கு எங்கே போவது? தீபாவளிக்கு ஒரே ஒரு பலகாரம் வீட்டில் செய்யுங்கள், மகளைப் பக்கத்தில் இருத்திச் செய்யுங்கள், மீதியைக் கடையில் வாங்குங்கள். மாமியார் முகம் சுளித்தால் அதைப் பொறுமையாகப் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள். இந்தப் பேச்சைத் தள்ளிப்போட்டுவிட்டு மெழுகுவர்த்தி வாங்குவதில் பயனில்லை.

மற்ற மூன்றும் சுலபம். மரக்கறி வெட்டுவதை நின்றுகொண்டு செய்யாதீர்கள். மேசையில், கதிரையில் இருந்து வெட்டுங்கள். கனமான சட்டிகளும் அரிசி வாளியும் இடுப்பு உயரத்தில் இருக்கட்டும், குனிந்து எடுப்பதும் எட்டி எடுப்பதும்தான் முதுகைக் களைக்க வைக்கும். இடியப்பம் பிழிவது போன்ற கைவலிக்கிற வேலையை இருவர் வீட்டில் இருக்கிற நாளுக்கு மாற்றுங்கள். வாரத்தில் ஒரு நாள் ஒரே பானைச் சாப்பாடு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒடியற்கூழ் அதற்கென்றே உண்டானது: மீனும் இறாலும் நண்டும், பயித்தங்காயும் மரவள்ளியும், புளியும் செத்தல் மிளகாயும் எல்லாம் ஒரே பானையில். சுற்றியிருந்து ஊதி ஊதிக் குடிக்கிற சாப்பாட்டை யாரும் அவசரமாகச் சாப்பிட முடியாது. ஒன்ராறியோவில் இந்தக் காலத்தில் மலிவாகவும் நன்றாகவும் கிடைப்பது பூசணி வகைகள். பட்டர்நட் எங்கள் பூசணிக்காய் கறிக்கு நன்றாகவே ஒத்துவரும், காயாமலும் அழுகாமலும் குளிர்ச்சியான மூலையில் இரண்டு மாதம்கூட இருக்கும். ஹலோவீன் முடிந்ததும் மலிவு விலையில் போடும் பெரிய செம்மஞ்சள் பூசணி வேண்டாம். அது முகம் செதுக்குவதற்காக வளர்த்தது, நாரும் தண்ணீருமாக இருக்கும்.

கணவரின் இரவு வேலையைப் பற்றி நீங்கள் அதிகம் எழுதவில்லை, ஆனால் உங்கள் வீட்டின் ஒழுங்கே அதில்தான் தங்கியிருக்கிறது. அவருக்குக் காலை எட்டு மணிதான் இரவு. மேலே சொன்ன காலை வெளிச்சம் உங்களுக்கு நல்லது, வேலை முடித்து வருகிறவருக்கு அது உறக்கத்தைக் கெடுக்கும். அவர் நேரே வந்து, இருட்டான அறையில், தடித்த திரைச்சீலை போட்டுப் படுக்கட்டும். அவர் எட்டரைக்குப் படுத்தால் மூன்றரை அளவில் எழும்புவார், மகளும் அந்நேரம் பள்ளியிலிருந்து வந்துவிடுவாள். அப்படியானால் உங்கள் வீட்டின் சேர்ந்த சாப்பாடு இரவு எட்டு மணிக்கு இருக்க வேண்டிய அவசியம் என்ன? நாலரை மணிக்கு வையுங்கள். நவம்பர் கடைசியில் சூரியன் மறைவது ஏறக்குறைய அந்த நேரத்தில்தான். ஊரில் விளக்கு வைக்கும் நேரம் என்றால் ஆறு மணி என்று நம் மனதில் பதிந்திருக்கிறது. இங்கே கடிகாரத்தைப் பார்க்காமல் பொழுதைப் பார்த்து வையுங்கள். செப்டெம்பர் கடைசியில் ஏழு மணிக்கு, ஒக்டோபர் கடைசியில் ஆறு மணிக்கு, நவம்பரில் ஐந்துக்கும் முன்னால். மகளிடம் அந்தப் பொறுப்பைக் கொடுத்தால் பொழுது சுருங்குவதை அவளே உங்களுக்குச் சொல்வாள். பயந்துகொண்டு எதிர்கொள்கிற இருட்டுக்கும், எப்போது வருகிறது என்று பார்த்துக்கொண்டிருக்கிற இருட்டுக்கும் வித்தியாசம் உண்டு என்பதைப் பல வீடுகளில் கண்டிருக்கிறேன்.

விளக்கு வைத்த பிறகு வீட்டின் வெளிச்சத்தைக் குறையுங்கள். கூரையில் இருக்கும் வெள்ளை விளக்கை அணைத்துவிட்டு, 2700 கெல்வின் என்று பெட்டியில் போட்டிருக்கும் மஞ்சள் மின்குமிழை மூலையில் ஒரு மேசை விளக்கில் போடுங்கள். படுக்கப் போவதற்கு ஒரு மணி நேரம் முன்பு கைப்பேசியை வேறு அறையில் வைத்துவிடுங்கள். மெழுகுவர்த்தி அழகுதான், எனக்கும் பிடிக்கும். ஆனால் தாழ்ந்த கூரையும் சிறிய யன்னலும் உள்ள இடத்தில் மெழுகுவர்த்தி, சாம்பிராணி, ஊதுபத்தி எல்லாம் சேர்ந்தால் காற்றில் புகைத் துகள் கூடும். குழந்தைக்கு இழுப்பு இருந்தால் தவிர்த்துவிடுங்கள். புகை அறிவிப்பானும் கார்பன் மொனொக்சைட் அறிவிப்பானும் வேலை செய்கின்றனவா என்று கடிகாரம் மாற்றுகிற அன்றே பொத்தானை அழுத்திப் பாருங்கள்.

மங்கல் வெளிச்சத்தைப் பற்றிச் சொன்னதை மாமியாருக்கு அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். இது நான் வீடு வீடாகச் சொல்லிக்கொண்டே இருக்கும் விஷயம். வயது போகப் போகக் கண்மணி சுருங்கும், கண் வில்லை மஞ்சளாகும். இருபது வயதுக்காரரின் விழித்திரைக்குப் போகும் வெளிச்சத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் அறுபது வயதுக்காரருக்குப் போகிறது. உங்களுக்கு இதமாக இருக்கும் அறை அவருக்கு இருட்டு. அவர் இருக்கும் கதிரைக்குப் பக்கத்தில், தோளுக்குப் பின்னாலிருந்து மடியில் விழுகிற மாதிரி ஒரு பிரகாசமான விளக்கு வையுங்கள். பேஸ்மென்ட் படியிலும் கழிவறைக்குப் போகும் வழியிலும் ஆள் நடந்தால் தானாக எரியும் சிறிய விளக்குகளை ஒட்டுங்கள். படிக்குக் கைப்பிடி இல்லையென்றால் வீட்டுச் சொந்தக்காரரிடம் கேட்டுப் போடச் செய்யுங்கள். ஈரமான மேப்பிள் இலை எண்ணெய் போல வழுக்கும், வாசலைக் கூட்டாமல் அவரை நடக்க விடாதீர்கள். இன்னொன்று: வயதானவர்கள் குளிர்கிறது என்றால் அதை நம்புங்கள். ரொறன்ரோவில் வெப்பத்தை வீட்டுக்காரர் கட்டுப்படுத்துகிற வாடகை வீடுகளில் குளிர்மாதங்களில் குறைந்தது 21 பாகை வைத்திருக்க வேண்டும் என்பது நகரச் சட்டம். கேட்டும் சரிசெய்யவில்லையென்றால் நகரசபையின் 311 எண்ணுக்கு அழைக்கலாம். குளிரில் நடுங்கிக்கொண்டு யாரும் ஆறுதலாக வாழ முடியாது.

மகளுக்குப் பெரிதாக ஒன்றும் வேண்டாம். ரொறன்ரோ பொது நூலகத்துக்கு நூறு கிளைகள் இருக்கின்றன, ஸ்காபரோவில் பல கிளைகளில் தமிழ்ப் புத்தகங்களும் உண்டு. அட்டை இலவசம். சனிக்கிழமை ஒரு மணி நேரம் அங்கே. ரூஜ் தேசிய நகரப் பூங்கா உங்களுக்குப் பக்கம், அங்கே நுழைவதற்குக் கட்டணம் இல்லை. கறிவேப்பிலைத் தொட்டி வெளியில் நின்றால் இரவுக் குளிர் 10 பாகைக்கு இறங்குவதற்குள் உள்ளே எடுங்கள். எடுக்கும் முன் இலையின் அடிப்புறத்தைப் பார்த்துக் கழுவுங்கள், பூச்சியோடு வந்தால் குளிர்காலம் முழுக்க அதோடு போராட வேண்டும். உள்ளே வந்ததும் இலை கொட்டினால் பதறித் தண்ணீரை அள்ளி ஊற்றாதீர்கள். வெளிச்சம் குறைந்தால் அதன் தாகமும் குறையும். மண் மேலே காய்ந்த பிறகு ஊற்றினால் போதும்.

வீட்டுக்காரர் பின்வளவில் ஒரு முழம் நிலம் தந்தால் உள்ளி நடுங்கள். இந்தக் காலத்துக்கு நான் எல்லோருக்கும் சொல்கிற வேலை இது. ஒன்ராறியோவில் உள்ளி நடுவது ஒக்டோபர் நடுவிலிருந்து மண் உறைவதற்கு முன்பு வரை. பல்லைத் தோலோடு பிரித்து, கூர்முனை மேலே பார்க்க, இரண்டு அங்குல ஆழத்தில், ஆறு அங்குல இடைவெளியில் நட்டு, மேலே காய்ந்த இலைகளைத் தடிப்பாகப் போட்டு மூடுங்கள். வேர்விட்டு அப்படியே பனிக்கடியில் கிடக்கும். அந்தக் குளிர் பட்டால்தான் ஒற்றைப் பல் பல பல்லாகப் பிரியும். வசந்தத்தில் முளை தெரியும், ஜூனில் சுருண்ட பூந்தண்டை ஒடித்து வறைக்குப் போடலாம், ஜூலையில் அடி இலைகள் மஞ்சளாகும்போது கிண்டி எடுக்கலாம். மகள் ஒக்டோபரில் நட்டது அடுத்த வகுப்புக்குப் போகும் விடுமுறையில் கைக்கு வரும். கடையில் கிடக்கும் இறக்குமதி உள்ளி சில நேரம் முளைக்காது, இந்தக் குளிருக்கும் தாங்காது. உழவர் சந்தையில் உள்ளூர் உள்ளி வாங்குங்கள்.

இனி, உறுதியாகச் சொல்ல முடியாதவை. வைட்டமின் டி எடுத்தால் இந்தச் சோர்வு போய்விடும் என்று பலரும் சொல்வார்கள். பொஸ்டன் அளவிலான அகலாங்கில் நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை வெயிலால் தோலில் வைட்டமின் டி உண்டாவதில்லை என்று 1980களிலேயே காட்டியிருக்கிறார்கள். ரொறன்ரோ அதற்கும் சற்று வடக்கே. நம்முடைய கறுத்த தோலுக்கு மற்ற மாதங்களிலும் வெயில் கூடுதலாக வேண்டும். ஆகவே எலும்புக்காக அது வேண்டும் என்பது சரி. கனடாவில் ஒரு வயது முதல் எழுபது வயது வரை நாளுக்கு 600 சர்வதேச அலகு (IU), அதற்கு மேல் 800 அலகு என்பது பரிந்துரை. மனநிலையையும் அது மாற்றும் என்பதற்கான ஆய்வுகள் ஒன்றுக்கொன்று ஒத்துவரவில்லை. நீல வெளிச்சத்தைத் தடுக்கும் கண்ணாடிக்கும் கிட்டத்தட்ட இதே நிலைதான், அதற்குப் பணம் செலவழிப்பதற்கு முன் கைப்பேசியை அடுத்த அறையில் வைத்துப் பாருங்கள். வெப்ப நாட்டில் வளர்ந்தவர்களை இந்த இருட்டு கூடுதலாகத் தாக்கும் என்பது கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் நான் பார்த்த குடும்பங்களில் வந்த முதல் வருடமே விழுந்தவர்களும் உண்டு, முப்பது வருடமாக ஒன்றும் ஆகாதவர்களும் உண்டு. அதைப் பொதுவிதியாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

வெளிச்சப் பெட்டியைப் பற்றிக் கேட்பீர்கள். அது வெறும் விளம்பரம் இல்லை. 10,000 லக்ஸ் பெட்டியின் முன் எழும்பியவுடன் அரை மணி நேரம் இருப்பது குளிர்கால மனச்சோர்வுக்கு நன்றாக ஆராயப்பட்ட சிகிச்சை. நேரே உற்றுப் பார்க்கத் தேவையில்லை, பக்கத்தில் வைத்துத் தேத்தண்ணி குடிக்கலாம். ஆனால் மனநிலை அளவுக்கு மீறி ஏறி இறங்குகிற பைபோலார் நோய் உள்ளவர்கள், விழித்திரை நோய் உள்ளவர்கள், வெளிச்சத்துக்குக் கூச்சம் தருகிற மருந்து எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் பயன்படுத்தக் கூடாது. எல்லோரும் முதலில் குடும்ப மருத்துவரிடம் போவதே நல்லது. ஏனென்றால் இரத்தச் சோகையும் தைரொயிட் குறைபாடும் இதே மாதிரிச் சோர்வைத் தரும், ஒரு இரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். இரண்டு வாரத்துக்கு மேல் பெரும்பாலான நாட்களில் மனம் கனத்துக் கிடந்தால், பிடித்தது எதுவும் பிடிக்காமல் போனால், அளவுக்கு மீறித் தூங்கியும் சோறும் இனிப்புமாகத் தேடியும் போய்க்கொண்டிருந்தால், இது சென்ற நவம்பரிலும் வந்து வசந்தத்தில் தெளிந்திருந்தால், அதை அப்படியே மருத்துவரிடம் சொல்லுங்கள். குடும்ப மருத்துவர் இன்னும் கிடைக்கவில்லை என்றால் 811க்கு அழைத்தால் தாதி ஒருவர் பேசுவார். வாழப் பிடிக்கவில்லை என்ற எண்ணம் ஒரு தடவை வந்தாலும் காத்திருக்க வேண்டாம், தற்கொலை எண்ணம் வருகிறவர்களுக்கு உதவும் 988 எண்ணுக்கு எந்த நேரமும் அழைக்கலாம், குறுஞ்செய்தியும் அனுப்பலாம்.

சரி, என்ன வாங்குவது? போர்வையும் கூடையும் வாசனை மெழுகுவர்த்தியும் வாங்க வேண்டியதில்லை. இருக்கிற பணத்தில் முதலில் உங்களுக்குத் தண்ணீர் புகாத ஒரு சோடி சப்பாத்து, ஏனென்றால் கால் நனைந்தால் காலை நடை நவம்பரோடு நின்றுவிடும். அடுத்து மாமியாரின் கதிரைக்கு விளக்கு, படிக்குத் தானாக எரியும் விளக்குகள். பிறகு கணவரின் அறைக்குத் தடித்த திரைச்சீலை. இரண்டு மஞ்சள் மின்குமிழ். பழைய பொருட்கள் விற்கும் கடைகளில் மேசை விளக்குகள் மலிவாகக் கிடைக்கும், ஒயர் நைந்திருக்கிறதா என்று பார்த்து எடுங்கள். வெளிச்சப் பெட்டியை மருத்துவரைப் பார்த்த பிறகு வாங்கலாம். உங்கள் வேலை நேரம் என்னவென்று நீங்கள் எழுதவில்லை. அது மாலையில் என்றால் நாலரை மணிச் சாப்பாடு சரிவராது, வேறு மாதிரி அடுக்க வேண்டியிருக்கும். அதை எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.